நின்றுபோன படம்

கேபிள் போடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். எந்த வயரை எதில் செருகுவது என்பதைப் பயிற்சியில் சொல்லித் தந்துவிடுவார்கள். அதற்கு நான் வேண்டாம். மந்தைவெளியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நான் செய்த வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் என் நினைவில் அடிக்கடி வருவது அதுதான். வேலை என்னுடையது, தப்பும் என்னுடையது.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். எங்கள் சர்வீஸ் பிரிவு அப்போது தி.நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. யு.எஸ்.பி. என்ற பெயரே புதிது. புதுக் கம்ப்யூட்டர்களின் முதுகில் தட்டையாக இரண்டு ஓட்டைகள் இருக்கும். அவற்றில் எதைச் செருகுவது என்று வாங்கியவருக்கும் தெரியாது, பல நேரம் விற்றவருக்கும் தெரியாது. எங்கள் பிரிவில் நாலைந்து பேர்தான் அதைப் பற்றிப் படித்திருந்தோம். படித்ததில் முக்கியமான விஷயம் ஒன்றுதான்: ஐந்து மீட்டருக்கு மேல் இந்தக் கேபிளை நீட்டக் கூடாது. நீட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இடையிடையே சிக்னலைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் எக்ஸ்டென்ஷன் கேபிள்களைக் கோக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் அதே கேபிளில் வரும் மின்சாரத்தைத்தான் தின்னும். அதனால் நடுவில் எங்காவது, தனியாகக் கரண்ட் எடுத்துக்கொள்ளும் ஹப் என்ற சின்ன இணைப்புப் பெட்டி ஒன்றை வைக்க வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலை அந்த ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா போன் செய்தார். மயிலாப்பூரில் மூன்று தலைமுறைக்குப் பிரசவம் பார்த்த கை அவருடையது. "பிரசவ வார்டு. லேடி யாராவது இருந்தா அனுப்புங்கோ" என்றாராம். பிரிவில் இருந்த ஒரே பெண் நான்.

பழைய வீடு ஒன்றை ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். கீழே தாய்மார்களின் அறைகள். மாடியில், குறைமாதக் குழந்தைகளுக்கான அறை. லிஃப்ட் கிடையாது. குறுகலான படிக்கட்டு.

கீழ் அறையில் செல்வி என்று ஒரு பெண் படுத்திருந்தாள். நொச்சிக்குப்பத்துக்காரி. ஏழாம் மாதமே ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்திருந்தார்கள். குழந்தை மாடியில் இன்குபேட்டரில். இவள் படியேறவே கூடாது. பிறந்து மூன்று நாளாகியும் மகனை அவள் பார்க்கவில்லை. பார்க்காததால், அவன் இறந்துவிட்டான், எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்ற எண்ணம் அவளுக்குள் விழுந்துவிட்டது. சாப்பிட மறுத்தாள். மாத்திரையைத் துப்பினாள்.

"நாங்க சொல்றதை நம்பமாட்டேங்கறா. கண்ணால பாத்தா நம்புவாளோன்னு ஒரு யோசனை" என்றார் டாக்டரம்மா. அவருடைய அண்ணன் மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சின்ன யு.எஸ்.பி. கேமரா ஒன்று மேஜைமேல் இருந்தது. அதை இன்குபேட்டருக்கு மேல் பொருத்தி, செல்வியின் கட்டிலருகே கம்ப்யூட்டர் வைத்துப் படத்தைக் காட்ட வேண்டும்.

அளந்து பார்த்தேன். மாடி அறையிலிருந்து நடை வழியாக, படிக்கட்டுச் சுவரோரம் இறங்கிக் கட்டில்வரை பதினெட்டு மீட்டர். ஹப் வைக்கச் சரியான இடம் படிக்கட்டின் திருப்பம். அங்கே பிளக் பாயின்ட் இல்லை. எலக்ட்ரீஷியன் திங்கட்கிழமைதான் வருவார்.

"ரெண்டு நாள் அவ தாங்கமாட்டா, நசீமா. இன்னிக்கே ஏதாவது பண்ண முடியுமா?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

முடியும் என்றேன். நான்கு எக்ஸ்டென்ஷன் கேபிள்களை ஒன்றோடொன்று கோத்து, நடுவில் ஹப் இல்லாமலே இறக்கினேன். படம் வந்தது.

செல்வி படுத்தபடியே திரையைப் பார்த்தாள். ஒரு கைக்குட்டை அளவு உடம்பு, மூக்கில் குழாய், தலையில் வெள்ளைக் குல்லாய்.

"இது எம்புள்ளயாக்கா?"

"உன் பிள்ளைதான்."

"இப்போ இப்டித்தான் கீறானா? இந்த நிமிசம்?"

"இந்த நிமிஷம்."

அப்போது அந்தக் குழந்தை மூடியிருந்த வலக்கையைத் திறந்தது. மறுபடி மூடியது. செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்று மதியம் கஞ்சி குடித்தாள் என்று அங்கே நர்ஸாக இருந்த சிஸ்டர் மேரி வந்து சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இதில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. படம் வந்த பத்தாவது நிமிடத்தில் ஒரு முறை அப்படியே நின்றுபோயிற்று. செல்வி அப்போது கண்ணயர்ந்திருந்தாள். திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. கடைசியாக வந்து சேர்ந்த படம் அப்படியே நின்றது, அவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். ஓடியது. அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். மறுபடி நிற்கவில்லை. டாக்டரிடமோ சிஸ்டரிடமோ நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் "அப்ப திங்கட்கிழமையே போட்டுக்கலாம்" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பெண் அழுததைப் பார்த்த பிறகு கழற்றிக்கொண்டு போக மனம் வரவில்லை. திங்கட்கிழமை வந்து ஹப் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வேறு வேலை வந்தது. படம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தள்ளிப்போட்டேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிவாக்கில் நான் அடையாறில் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். பேஜரில் தகவல் வந்தது. கீழே இறங்கிப் பொதுத் தொலைபேசியில் பேசினேன். சிஸ்டர் மேரிதான் எடுத்தார்.

"படம் ஆடாம நிக்குதும்மா. கொஞ்சம் வந்து பாருங்க."

வருகிறேன் என்றேன். கேமரா படம்தானே என்று அடையாறு வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள் என்று போனில் சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் சொல்லவில்லை. மந்தைவெளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று தாண்டிவிட்டது.

முன்னறையில் யாரும் இல்லை. முதலில் கேமரா முனையைப் பார்ப்பது வழக்கம் என்பதால் நேராக மாடிக்குப் போனேன். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தேன். இன்குபேட்டர் திறந்திருந்தது. டாக்டரம்மா குனிந்திருந்தார். சிஸ்டர் மேரி மூச்சு ஊட்டும் ஒரு சின்ன ரப்பர் பையை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தார். குழந்தை நீலம் பாரித்திருந்தது. மேலே கேமரா தன் இடத்தில் இருந்தது. அதன் பச்சை விளக்கு அணைந்திருந்தது.

கதவுக்கு வெளியே தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் செல்வியின் கணவர் கன்னியப்பன். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், பன்னெண்டு மணிலேர்ந்து இப்டி கீது. கீய அவளுக்குத் தெரியாது. படத்துல கொயந்த தூங்கறாப்ல கீதாமே, அது அப்டியே இருக்கட்டும். நீங்க சரி பண்ணிடாதீங்க. உங்க கால்ல வேணா விய்றேன். அவ தாங்கமாட்டா மேடம்."

கையை விடுவித்துக்கொண்டேன். படியிறங்கினேன்.

அந்தப் படிக்கட்டில் இறங்கிய நேரத்தைப் பற்றித்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். கேபிளைச் சரி செய்தால், நான் மேலே பார்த்ததைச் செல்வி பார்ப்பாள். ஒரு தாய் திரையில் பார்க்க வேண்டிய காட்சி அல்ல அது. அப்படியே விட்டால் யாரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை, கணவரே கேட்டுக்கொண்டார். உதிரிப் பாகம் வேண்டும் என்று சொல்லி அப்படியே தி.நகருக்குத் திரும்பிவிடலாம் என்றும் தோன்றியது. ஒளிக்காமல் சொல்கிறேன், அதைத்தான் அதிக நேரம் யோசித்தேன். என் மொபெட்டின் சாவியைக் கையில் எடுத்துக்கூட விட்டேன்.

ஆனால் என் கருவிகள் இல்லாமல் போக முடியாது, சனிக்கிழமை அவற்றில் பாதியைச் செல்வியின் அறையில்தான் விட்டிருந்தேன். உள்ளே போனேன்.

அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, திரைமேல் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"வாக்கா. மிசினு கெட்டுப்பூச்சா?"

"ஏன் கேக்குற?"

"காலைலேர்ந்து கைய மூடிகினே கீறான். நேத்தெல்லாம் தொறப்பான், மூடுவான், தொறப்பான். தூங்கறான்னு சிஸ்டரு சொன்னாங்க. அப்பால அவங்களும் வரல. இவ்ளோ நேரம் எந்தப் புள்ளக்கா அசங்காம தூங்கும்?"

சுவரோரம் கிடந்த என் கருவிகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"அன்னிக்கி இன்னா சொன்ன? இந்த நிமிசம்னு சொன்ன இல்ல? இது இந்த நிமிசமாக்கா?"

திரையில் குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மேலே நடப்பதைச் சொல்ல நான் டாக்டர் இல்லை. அது என் வேலையும் இல்லை. ஆனால் இந்தப் படம் என் வேலை. இது இந்த நிமிஷம் என்று அவளிடம் சொன்னவள் நான். குனிந்து, கம்ப்யூட்டரின் பின்னாலிருந்த கேமரா பிளக்கைப் பிடுங்கினேன். திரையில் படம் இருந்த பெட்டி கறுப்பானது.

"இல்ல செல்வி. அது காலையில நின்னுபோன படம். நான் கேபிளைச் சரியாப் போடல. தப்பு என்னுது. இனிமே அதைப் பாக்காத."

"அப்போ மேல இன்னா நடக்குது?"

"அதை டாக்டரம்மாதான் சொல்லணும். நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலைக் கீழே இறக்கப் பார்த்தாள். தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன்.

நான் சொன்னதைக் கேட்டதும் கன்னியப்பன் சுவரில் ஓங்கிக் குத்தினார். "உன்னாண்ட நான் இன்னா சொன்னேன்! இன்னா சொன்னேன்! அவளயும் சாவடிக்கப் பாக்கறியா?"

டாக்டரம்மா கதவைத் திறந்து வெளியே வந்தார். "கத்தாதே. உள்ளே குழந்தை இருக்கு." என்னைப் பார்த்தார். "அவகிட்ட என்ன சொன்னே?"

"படம் பழசுன்னு மட்டும் சொன்னேன் டாக்டர். மத்தது நீங்கதான் சொல்லணும்."

அவர் திரும்பி உள்ளே ஒரு முறை பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றினார்.

"இனிமே நான் பண்றதுக்கு ஒண்ணும் இல்லை. கொஞ்ச நேரந்தான். பிரஷர் ஏறினா ஏறட்டும், அதை நான் பாத்துக்கறேன். அவளை ஒரு நாற்காலியில வெச்சுத் தூக்கிண்டு வாங்கோ."

முதலில் அசைந்தது கன்னியப்பன்தான். சற்று முன் என்மேல் கத்தியவர், யாருக்கும் காத்திராமல் படியிறங்கினார். அவரும் வார்டு ஆள் ஒருவருமாக நாற்காலியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். திருப்பத்தில் என் கேபிள் சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்தது. கால் தட்டிவிடக் கூடாதே என்று அதைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். செல்வி என்னைக் கடந்துபோனாள். என்னைப் பார்க்கவில்லை.

குழாய்களை எடுத்துவிட்டு, குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்தார்கள். அவள் தன் விரலை அந்த உள்ளங்கைக்குள் வைத்தது தெரிந்தது. அதற்குமேல் அங்கே நிற்பது சரியில்லை என்று கீழே வந்து படியில் உட்கார்ந்தேன். மூன்று மணிக்குச் சற்று முன் சிஸ்டர் மேரி இறங்கி வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா மடியிலதான்" என்றார்.

சாயங்காலம் டாக்டரம்மாவிடம் போனேன். சனிக்கிழமை படம் ஒரு முறை நின்றதையும், தெரிந்தே சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"குழந்தை போனதுக்கும் உன் கேமராவுக்கும் சம்பந்தமில்லை. நாங்க கூடவேதான் இருந்தோம். நுரையீரல் வளரவே இல்லை. ஆனா பதினோரு மணிக்கு மேலயும் குழந்தை நன்னாத்தான் இருந்தான். முழிச்சிண்டிருந்தான். படம் ஓடியிருந்தா அவ அதைப் பாத்திருப்பா. அது அவளுக்குக் கிடைக்காமப் போயிடுத்து."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "கேபிளைக் கழட்டிண்டு போயிடு. இனிமே தாயாரையே தூக்கிண்டு போறோம்" என்றார். சனிக்கிழமையே ஏன் அப்படிச் செய்யவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்பவர்போல இருந்தார்.

அலுவலகத்துக்கு வந்து ரிப்போர்ட் எழுதினேன். "மின்சாரக் குறைவால் படம் நின்றது." எங்கள் பிரிவுத் தலைவர் அதிகம் பேசாத மனிதர். அதைப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மின்சாரக் குறைவாலன்னு எழுதியிருக்கீங்க. யாரோட குறைவு?"

அடித்துவிட்டு, நடந்ததை முழுதாக எழுதினேன். வாங்கி வைத்துக்கொண்டு அவர் கேட்டது இன்னொன்று: "நின்னுபோனா, நின்னுபோச்சுன்னு அந்த ஸ்கிரீன் சொல்லுமா?" சொல்லாது என்றேன். "அதை வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்" என்றார். அதன் பிறகு நான் போட்ட எந்த இணைப்பிலும், தராசோ கேமராவோ பிரின்டரோ, முதலில் நானே வயரைப் பிடுங்கிப் பார்ப்பேன். பிடுங்கியதை எதிர்முனையில் இருப்பவர் எப்படித் தெரிந்துகொள்வார் என்று உறுதி செய்யாமல் வேலை முடிந்ததென்று கையெழுத்து வாங்கமாட்டேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். கேபிள் அறுந்தால் ஆபத்தில்லை. அறுந்தது தெரியாமல் ஒருவர் அதை நம்பிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நொச்சிக்குப்பம் சாலையோரம் மீன் வாங்கப் போனேன். வரிசையாகப் பலகை போட்டு விற்கிற பெண்களில் ஒருத்தி, சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"கம்பியூட்டர் அக்கா தானே?"

செல்வி உடம்பு தேறியிருந்தாள். நலம் விசாரித்தேன். கன்னியப்பன் கடலுக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிகினு இருந்தேன். அந்தப் படம் கீதாக்கா?"

"எந்தப் படம்?"

"நின்னுப்பூச்சே, அது. கைய மூடிகினு தூங்கினு இருந்தானே. அவனுக்கு வேற ஃபோட்டோவே இல்லக்கா. யாருக்கும் எடுக்கத் தோணல."

காலடியில் ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"இல்ல செல்வி. வயரைப் பிடுங்கினேனே, அதோட போயிடுச்சு. நான் எடுத்து வைக்கல."

அவள் தலையாட்டினாள். கண் கலங்கியதா என்று தெரியவில்லை. மீனை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.

"வேற யாருன்னா இருந்தா தேடறேன்னு சொல்லிட்டுப் போயிகினே இருப்பாங்க. நான் காத்துகினு கெடப்பேன்" என்றாள். அதற்குள் வேறொருவர் வந்து விலை கேட்டார். அவர் பக்கம் திரும்பிவிட்டாள்.

அந்த வயரைப் பிடுங்கியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு பொத்தானை அழுத்தி அந்தப் படத்தைச் சேமித்து வைக்க இரண்டு விநாடி ஆகியிருக்கும். இந்த நிமிஷத்தின் படமாக அது பொய்தான். காலை பதினோரு மணிக்குச் சற்று முந்தைய படமாக அது உண்மை. அவன் அப்போது உயிரோடு இருந்தான், கையை மூடிக்கொண்டு தூங்கினான். என் தப்பை உடனே திருத்திவிட வேண்டும் என்ற அவசரத்தில் அந்த யோசனையே எனக்கு வரவில்லை.